உப்புக்காற்றில் ஒரு கணினி: கம்பஸ் போகும் நுரைச்சோலைப் பிள்ளைக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பியது. ஆனால் புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் அந்த அதிர்ச்சியில் நின்றுபோயிருந்தன. அவற்றை மறுபடி ஓடவைக்க நாட்கள் பிடித்ததால், அடுத்த இரண்டு நாளும் நாட்டில் முறைவைத்து ஒன்றரை மணி நேரம் வெட்டினார்கள்.

900 மெகாவொட் நிலையம். 2011இல் முதல் இயந்திரம், 2014இல் மற்ற இரண்டு. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் வீட்டு வாசலில் இருக்கும்போது கரண்ட் பிரச்சினை வராது என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். நுரைச்சோலையில், ஆலங்குடாவில், நரக்கல்லியில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். அங்கே பிறக்கும் மின்சாரம் 220 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறி வேயாங்கொடைக்கும் அநுராதபுரத்துக்கும் போய்விடுகிறது. ஊருக்கு வருவது எல்லா ஊர்களுக்கும் வருவதுபோல் விநியோகக் கம்பிகளில் சுற்றி வரும் மின்சாரம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு கம்பத்துப் பீங்கான்களில் படிந்து பிரச்சினை கொடுக்கும் கரை இது என்பதால் தடங்கல் கொஞ்சம் கூடவே இருக்கும்.

உயர்தரப் பெறுபேறு வெளியான கையோடு இந்தக் கரையின் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்குக் கொம்பியூட்டர் எடுக்க வேண்டும். சாமான்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் பண்ணுவதா, லெப்டொப் ஒன்றை அப்படியே வாங்குவதா? வாப்பா விலையைக் கேட்பார். ரியூசன் சேர் ஒன்று சொல்வார், புத்தளத்தில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் வேறொன்று சொல்வார், பிள்ளை யூடியூப்பில் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்று சொல்லும். கொழும்பிலும் சென்னையிலும் எழுதப்படும் ஆலோசனைகளில் உப்புக்காற்றைப் பற்றியோ மணல் நிலத்து எர்த்தைப் பற்றியோ ஒரு வரி இராது. ஆகவே இந்தக் கேள்வியை நுரைச்சோலைக்குள் வைத்தே பார்ப்போம்.

"சேர்த்து எடுத்தால் பாதிக் காசு"

இந்தப் பேச்சுக்கு வயது ஐம்பது. 1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பொப்பியூலர் எலெக்ட்ரோனிக்ஸ்' சஞ்சிகை அட்டையில் ஆல்டேர் 8800 வந்தபோதே அது இரண்டு விதமாக விற்கப்பட்டது. பொருத்தி முடித்ததற்கு ஒரு விலை, பாகங்களாக வாங்கி நாமே ஈயம் பற்றவைத்துச் செய்துகொள்வதற்கு அதைவிடக் குறைந்த விலை. 1981இல் ஐ.பி.எம். தன் கணினியைக் கடையில் கிடைக்கும் பாகங்களால் செய்தது. மற்றவர்களும் அதேபோல் செய்யத் தொடங்கினார்கள். 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் டெல் என்ற பத்தொன்பது வயதுப் பையன், விடுதி அறையிலிருந்தே கணினிகளுக்குப் பாகங்கள் பூட்டி விற்றான். கையில் இருந்த முதலீடு ஆயிரம் டொலர். இன்று நாம் கடையில் பார்க்கும் டெல் அதுதான். ஒரு கம்பஸ் பிள்ளை தானே கணினி சேர்த்துக்கொள்வதென்பது அவ்வளவு பழைய, மதிப்பான வழக்கம்.

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் நம் நாட்டிலும் இது நன்றாக ஓடியது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒரு கடையில் மதர்போட், இன்னொரு கடையில் ரேம், வேறொன்றில் கேசிங் என்று விலை பேசி எடுத்தவர்கள் பலர். சென்னைக்காரருக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படி. நிறுவனம் பெயரை ஒட்டி விற்கும் கணினியைவிடச் சேர்த்தெடுத்தது அப்போது நிச்சயமாக மலிவு.

இப்போது அந்தக் கணக்கு மாறிவிட்டது. பெரிய நிறுவனங்கள் பாகங்களை இலட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகின்றன. தனியாக ஒரு ரேம் குச்சி வாங்கும் பிள்ளை சந்தை விலையை அப்படியே கொடுக்கிறது. நம் ரூபாயின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்படும் முன்பு டொலர் ஏறத்தாழ 200. சில வாரங்களில் 360ஐத் தொட்டது. பின்னர் 300ஐச் சுற்றி நின்றது. 500 டொலர்க் கணினி ஒன்றை வைத்துப் பார்த்தால், வரிக்கு முன்பே, ஒரு இலட்சமாக இருந்தது ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேலே போய், ஒன்றரை இலட்சத்துக்கு இறங்கி நின்றிருக்கிறது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 15இலிருந்து 18 வீதமானது.

இதற்கு மேல் ரேம் விலையும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளருக்கான தன் 'குரூஷல்' வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பழுது பார்ப்பவர்களின் மேசையில் வருடக்கணக்காக இருந்த பெயர் அது. புதிதாகப் பாகம் பாகமாக வாங்குபவருக்கு இதைவிடக் கெட்ட நேரம் அண்மையில் வந்ததில்லை.

அசெம்பிள் விலையைச் சொல்லும்போது பெட்டிக்குள் இருப்பதை மட்டும் சொல்கிறார்கள். மொனிட்டர், கீபோட், மவுஸ், வைஃபை இல்லாத மதர்போட் என்றால் அதற்கொரு அடப்டர், வெப்கேம், ஸ்பீக்கர், யூ.பி.எஸ்., முறையாக வாங்குவதென்றால் விண்டோஸ் உரிமம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். லெப்டொப்பில் இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. 'பாதிக் காசு' என்பது இந்த இடத்தில் கரைந்து போகிறது.

இன்னொரு பழக்கமும் இந்தக் கரையில் உண்டு. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போன போகத்தில் கொஞ்சம், படகு நன்றாக உழைத்த மாதத்தில் கொஞ்சம் என்று காசு வரும் வீடுகளில், பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து வைக்கலாமே என்ற யோசனை வருகிறது. கேட்க நியாயமாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். மதர்போட்டை ஏப்ரலிலும் ப்ரொசெசரை ஓகஸ்ட்டிலும் வாங்கினால், நான்கு மாதம் அந்த மதர்போட் ஓடுகிறதா என்று பார்க்கவே வழியில்லை. வொரண்டி மட்டும் வாங்கிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். காசைச் சேருங்கள், பாகங்களைச் சேர்க்க வேண்டாம்.

உப்பு செய்யும் வேலை

புத்தளத்துக்கு உப்பு ஒரு வாழ்வாதாரம். அதே உப்பு கணினிக்கு எதிரி. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கணினி என்ற கேள்விக்குச் சரியான விடை வரும்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துணிக்கைகளாக நிலத்துக்குள் வருகின்றன. மின்விசிறி உள்ள எந்த இயந்திரமும் அவற்றை உள்ளே இழுக்கும். காய்ந்த உப்பு மின்சுற்றில் படிந்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடுகிறது. இந்தக் கரையில் இரவில் அந்த அளவைத் தாண்டுவது வழமை. பகலெல்லாம் தூசியாகக் கிடந்தது விடியற்காலையில் உப்புநீர்ப் படலமாகிறது. மெல்லிய செப்புக் கோடுகளையும் ஈயப் பற்றுகளையும் அது அரிக்கத் தொடங்குகிறது. ஓடும் கணினி சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் குறையும். அணைத்துவைத்த கணினிக்குத்தான் அரிப்பு அதிகம். விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை இரண்டு வாரம் தொடாமல் மூலையில் வைத்த இயந்திரம் மூன்றாம் வாரம் ஓட மறுப்பது இதனாலும் நடக்கும்.

நுரைச்சோலைக்கு இன்னொரு சுமையும் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் நிலக்கரிக் கப்பல்களிலிருந்து இறக்க முடியாது. அதனால் கடல் அமைதியாக இருக்கும் பருவத்திலேயே நிலக்கரியைக் கொண்டுவந்து மலையாகக் குவித்து வைக்கிறார்கள். பிறகு தென்மேல் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வீசுகிறது. கரித்தூளும் சாம்பலும் வீட்டுக்குள்ளும் தோட்டத்துப் பயிரிலும் படிவதாக மக்கள் பல வருடங்களாக முறையிட்டும் போராடியும் வருகிறார்கள். பிள்ளைகளின் சுவாசத்தைப் பற்றிய அந்த முறைப்பாடு கணினியைவிட எவ்வளவோ பெரியது. அதற்கு இன்னும் முழுமையான தீர்வு கிடைக்கவில்லை என்பதை இந்த இடத்திலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கணினியைப் பொறுத்தவரை, உப்பும் கரித்தூளும் சேர்ந்து படியும் அறையில் மின்விசிறி வைத்த எந்தப் பெட்டியும் கொழும்பில் உழைக்கும் அளவு உழைக்காது.

இந்த ஒரு விடயத்தில் அசெம்பிள் பண்ணிய மேசைக்கணினியே வெல்கிறது. பவர் சப்ளை போனால் பவர் சப்ளையை மட்டும் மாற்றலாம். ரேம் கதைக்காமல் விட்டால் அதைக் கழற்றி, தங்க நிறக் காலை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போட்டால் பல தடவை உயிர் வந்துவிடும். பக்கத்து மூடியைத் திறந்து மாதம் ஒரு தடவை தூசி தட்டப் பத்து நிமிடம் போதும். லெப்டொப்பில் எல்லாம் ஒரே தகட்டில் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு மூலையில் அரித்தாலும் முழு மதர்போட்டையும் மாற்றச் சொல்வார்கள், அந்த விலைக்கு இன்னொரு பழைய லெப்டொப் எடுக்கலாம். ரேமையே தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்த மெல்லிய மாதிரிகள் இந்தக் கரைக்குச் சற்றும் பொருந்தாதவை.

எந்தக் கணினி எடுத்தாலும் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே மேசையைப் போடாதீர்கள். பாவிக்காத நேரத்தில் லெப்டொப்பை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு வையுங்கள். சூடு ஆறிய பிறகு வையுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் ஆயுளைக் கூட்டும்.

கரண்டும் எர்த்தும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்தக் காலம் போய்விட்டது. சிறு சிறு வெட்டுகளும், ஒரு கணம் மங்கித் திரும்பும் மின்சாரமும் போகவில்லை. மேசைக்கணினிக்கு அந்த ஒரு கணமே போதும். எழுதிக்கொண்டிருந்த ஒப்படை போய்விடும், சில வேளை டிஸ்க்கும் கெட்டுவிடும். அதனால் இங்கே மேசைக்கணினி என்றால் யூ.பி.எஸ். சேர்ந்ததுதான். 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒன்று ஒரு சாதாரண கணினியையும் மொனிட்டரையும் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். சேமித்து அணைக்க அது போதும், படிக்கப் போதாது. உள்ளே இருக்கும் பேட்டரி நம் வெப்பத்தில் இரண்டு, மூன்று வருடத்தில் மாற்றக் கேட்கும். லெப்டொப்புக்கு யூ.பி.எஸ். உள்ளேயே இருக்கிறது. நல்ல பேட்டரி என்றால் ஒன்றரை மணி நேர வெட்டு வந்ததே தெரியாமல் படிக்கலாம்.

பில்லையும் பாருங்கள். மொனிட்டரோடு சேர்த்து 100 வொட் எடுக்கும் மேசைக்கணினியை நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் மாதம் 15 அலகு. 25 வொட் லெப்டொப்புக்கு அதே பாவனையில் நாலு அலகுகூட இல்லை. பதினொரு அலகு என்ன பெரிய விடயம் என்று கேட்கலாம். 2022 ஓகஸ்ட்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதைக் கண்ட வீடுகள் அப்படிக் கேட்காது. பின்னர் சில தடவை குறைத்தார்கள் என்றாலும், வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில்தான் இருக்கிறது. 60 அலகைத் தாண்டியதும் கணக்கு வேறு வகைக்குப் போய்விடுகிறது. 55 அலகில் நிற்கும் வீட்டை அந்தப் பதினொன்று அடுத்த படிக்குத் தள்ளிவிடும்.

எர்த்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேசைக்கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிகள் மிகச் சிறிய மின்னோட்டத்தை இரும்புப் பெட்டிக்குக் கசியவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. எர்த் கம்பி அதை நிலத்துக்குள் கொண்டுபோக வேண்டும். நம் நிலம் மணல். வறண்ட மணல் மின்சாரத்தை இலகுவில் வாங்கிக்கொள்ளாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடப்டர் வேறு பல வீடுகளில் இருக்கிறது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று கேசிங்கைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான். கணினி பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் ஒரு இலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எர்த் ஒழுங்கில்லாத வீட்டில் மேசைக்கணினி வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இடி கேட்டதும் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்ற வேண்டும். ரவுட்டர் கம்பியையும் மறக்க வேண்டாம்.

பிள்ளை எங்கே இருக்கப் போகிறது?

என் தீர்ப்பு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. இந்தக் கரையில் தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை ஒலுவிலுக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போகலாம், யாழ்ப்பாணம் போகலாம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா போகலாம், இவற்றுள் பக்கமான குளியாப்பிட்டிக்கு வயம்ப போகலாம். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் எதுவும் இல்லை. விடுதி எல்லா வருடமும் கிடைக்காது. ஒரு வருடம் விடுதி, அடுத்த வருடம் போர்டிங், திரும்ப விடுதி என்று சாமானோடு அலைய வேண்டும். அநுராதபுரத்தில் பஸ் மாறி யாழ்ப்பாணம் போகும் பெண்பிள்ளை ஒரு கையில் உடுப்புப் பை, மறு கையில் கேசிங்கும் மொனிட்டரும் தூக்கிக்கொண்டு ஏறுவாளா? நூலகத்தில், விரிவுரை மண்டபத்தில், குழு ஒப்படைக்குக் கூடும் மரநிழலில் கூட இருக்கப் போவது லெப்டொப்தான்.

வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரீ. எனும் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அதை வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு, எர்த்தும் யூ.பி.எஸ்ஸும் ஒழுங்காக இருந்தால், மேசைக்கணினி நல்ல தெரிவு. பெரிய திரை கண்ணுக்கு நல்லது, விலைக்கு வேகம் கூட, அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்குப் புதிய டிஸ்க்கோடு ஓடும். சேர்ப்பதென்றால் பின்னால் ப்ரொசெசரை மாற்றிக்கொள்ளக்கூடிய தளமாகப் பாருங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போட்டுகளை எடுத்தவர்கள் வருடக்கணக்காக அதே போட்டில் புதிய ப்ரொசெசர் போட்டுக்கொண்டார்கள். அதன் பின் 2022இல் ஏ.எம்.5 வந்தது. காசை மிச்சம் பிடிக்க பவர் சப்ளையில் கைவைக்காதீர்கள். கேசிங்கோடு இலவசமாக வரும் பெயரில்லாத பவர் சப்ளை போகும்போது மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

கணினியைத் தன் கையால் சேர்க்கும் பிள்ளை அதற்குள் இருப்பதைக் கற்றுக்கொள்கிறது என்பதும் உண்மை. எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தொட்டுத் தெரிந்த பிள்ளை பழுதுக்குப் பயப்படாது. அந்த ஆசையுள்ள பிள்ளையை நான் தடுக்க மாட்டேன். ஆனால் நான்கு வருடப் படிப்பின் ஒரே கணினியில் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டாம். புத்தளத்துக் கடையொன்றில் ஓடாமல் கிடக்கும் பழைய பெட்டியைச் சும்மா கேட்டு வாங்கிக் கழற்றிப் பூட்டிப் பழகலாம்.

எந்தப் படிப்புக்கு எவ்வளவு கணினி என்பதையும் பயமுறுத்திப் பெரிதாக்கிவிட்டார்கள். கலை, வணிகம், முகாமைத்துவம், சட்டம், இஸ்லாமிய கற்கைகள் எதுவானாலும் 8 ஜீ.பி. ரேமும் 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி.யும் தாராளம். கணினி விஞ்ஞானத்துக்கு 16 ஜீ.பி. வேண்டும். செயற்கை நுண்ணறிவு படிக்கப் பெரிய கிரபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று சொல்பவர்களுக்கு, கூகுள் கொலாப் உலாவியிலேயே அந்த வசதியை ஒரு அளவுக்கு இலவசமாகத் தருகிறது என்று சொல்லுங்கள். கட்டடக்கலை, பொறியியல் வரைதல் படிக்கும் பிள்ளைக்குத்தான் தனிக் கிரபிக்ஸும் கூடிய ரேமும் உண்மையிலேயே தேவை. அங்கேயும் ஓட்டோகேட் போன்றவற்றை ஓட்டோடெஸ்க் மாணவருக்கு இலவசமாகக் கொடுக்கிறது, திருட்டுப் பிரதி தேவையில்லை.

கழற்றிப் பூட்டக்கூடிய லெப்டொப்

அப்படியானால் உப்பு விடயத்தில் மேசைக்கணினிக்கு இருந்த நன்மையை விட்டுவிடுவதா? விடத் தேவையில்லை. வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று, நான்கு வருடம் பாவித்துக் கழித்த லெப்டொப்கள் நம் சந்தைக்கு நிறைய வருகின்றன. லெனோவோ திங்க்பேட், டெல் லெட்டிடியூட், எச்.பி. எலைட்புக் என்ற வரிசைகள். அலுவலகத்துக்கென்று செய்யப்பட்டவை என்பதால் அவற்றில் பலவற்றைச் சாதாரண ஸ்குரூ டிரைவரால் கழற்றலாம். எடுத்துக்காட்டாக, 2018இல் வந்த திங்க்பேட் டி480இல் ரேம் போட இரண்டு இடம், மாற்றக்கூடிய எஸ்.எஸ்.டி., பின்னால் கையாலேயே கழற்றும் பேட்டரி எல்லாம் உண்டு. அடிப் பலகையைத் திறந்து தூசி தட்டலாம், கீபோட் மாற்றலாம். கடையில் பளபளக்கும் மலிவான புதிய லெப்டொப்பைவிட இந்தக் கரைக்கு இதுவே உகந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

எடுக்கும்போது கவனம் வேண்டும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசைக்குப் பிந்தியது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரத்தை "விண்டோஸ் 11 போட்டுத் தாறம்" என்று கடைக்காரர் சொன்னாலும் எடுக்காதீர்கள். பேட்டரி அறிக்கையை விண்டோஸிலேயே எடுக்கச் சொல்லுங்கள், செய்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிறையும் அளவையும் அது காட்டும். பாதிக்குக் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பயோஸுக்குள் போகக் கடவுச்சொல் கேட்டால் அந்த இயந்திரம் பழைய அலுவலகத்தின் பூட்டோடு வந்தது, தொடவே வேண்டாம். அடிப் பலகையைத் திறந்து காட்டச் சொல்லி ஸ்குரூ தலைகளில் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

நானா கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ கொண்டு வரும் லெப்டொப் பல வீடுகளுக்கு வழி. சார்ஜர் 100இலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், அங்கத்தைய சதுரப் பின் நம் புதிய பிளக்பேஸுக்கும் பொருந்தும். வொரண்டியை மட்டும் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் விற்ற நாட்டுக்குள்தான் வொரண்டி தருகின்றன. இங்கே வாங்கினாலும், வொரண்டிக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமென்றால் புத்தளத்திலிருந்தே 130 கிலோமீற்றர். பரீட்சை மாதத்தில் பிள்ளை கணினி இல்லாமல் இருக்க வேண்டிவரும். புத்தளத்திலேயே பழுது பார்த்துத் தரும் கடை சில ஆயிரம் கூடக் கேட்டாலும் அங்கே எடுப்பது நல்லது.

இப்போதே எடுக்காதீர்கள்

பெறுபேறு வந்த உற்சாகத்தில் அடுத்த வாரமே கடைக்குப் போவதுதான் பெரிய பிழை. வெட்டுப்புள்ளி வரவேண்டும், எந்தப் பீடம் என்று தெரியவேண்டும், கம்பஸ் தொடங்கவேண்டும். நம் நாட்டில் இதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் போய்விடுவதுண்டு. பொறியியல் கிடைக்கும் என்று கிரபிக்ஸ் கார்டோடு எடுத்து வைத்தவர் முகாமைத்துவத்துக்குப் போனால் அந்தக் காசு வீண். பேட்டரி வயதாகும், வொரண்டி கழியும், உப்பு தன் வேலையைப் பார்க்கும். பீடம் உறுதியாகி, ஆரம்ப வகுப்புகளின் திகதி வந்த பிறகு எடுங்கள். மஹாபொல புலமைப்பரிசிலின் முதல் தவணையை நம்பிக் கடன்பட்டு எடுக்கவும் வேண்டாம். அது மாதச் செலவுக்குத் தரும் காசு, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் கூட்டியபோதுகூட மாதம் 7,500 ரூபாய்தான் ஆனது. அதில் லெப்டொப் தவணை கட்டினால் பிள்ளை சாப்பிடாது.

ஆனால் காத்திருக்கும் அந்த ஒரு வருடம் வெறுமையாகப் போகக்கூடாது. 2020இல் கம்பஸ்கள் மூடி ஸூமில் வகுப்பு நடந்தபோது, பல்கலைக்கழகங்களின் லேர்ண் வலையமைப்பு வழியாக டேட்டா இலவசமாகக் கிடைத்தும், கையில் தொலைபேசி மட்டும் இருந்த பிள்ளைகள் ஒப்படையைப் பெருவிரலால் எழுதினார்கள். தட்டச்சு, ஒரு விரிதாள், ஓர் ஆங்கில மின்னஞ்சல் எதையும் கம்பஸ் போய்த்தான் முதன்முதலில் தொட வேண்டிய நிலை 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கரையில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கும், கற்பிட்டிக் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

அதற்கான இயந்திரங்கள் ஊரிலேயே கிடக்கின்றன. விண்டோஸ் 10 முடிந்ததால் அலுவலகங்களிலும் கடைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் ஓரங்கட்டப்பட்ட கணினிகள் பல. ஆறாம் தலைமுறை, 8 ஜீ.பி. ரேம் என்றால்கூட இலவச உபுண்டு லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் அதில் நன்றாக ஓடும், தமிழ் யுனிகோட் தட்டச்சும் வரும். புத்தளம், பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டியில் இப்படி ஒரு பெட்டியை மூலையில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக்குப் போடாதீர்கள். டிஸ்க்கைத் துடைத்துவிட்டு உங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்திடமோ, பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ, பங்குத் தந்தையிடமோ கொடுங்கள். அவர்கள் வழியாக, இந்த வருடம் உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளை ஒன்றின் வீட்டுக்கு அது போய்ச் சேரட்டும்.